ஏழுமலையின் பொட்டிகளுக்கு எதிராக ஒரு மனு

யாரையும் முகத்துக்கு நேரே குறை சொல்ல என்னால் முடியாது. முடி வெட்டுகிறவர் ஒரு பக்கம் ஏற்றியும் மறு பக்கம் இறக்கியும் வெட்டிவிட்டாலும் கண்ணாடியைப் பார்த்து "சூப்பருங்க" என்று சொல்லிவிட்டு, வீட்டுக்கு வந்து தொப்பி தேடுகிற ஆள் நான். இதை நல்ல குணம் என்று ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தேன். அது ஒரு வியாதி என்பது கள்ளக்குறிச்சியில் மாடி வீட்டுக்குக் குடி வந்த பிறகுதான் தெரிந்தது.

கல்வராயன் மலையில், கரியாலூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கு என்னை அறிவியல் ஆசிரியராக மாற்றியிருந்தார்கள். பஸ்ஸுக்கு வசதியாகக் கள்ளக்குறிச்சியில் வீடு தேடினோம். என் மனைவி மல்லிகாவுக்கு நல்ல நாள் பார்க்காமல் எதுவும் ஓடாது. அதனால் நல்ல முகூர்த்த நாளாகப் பார்த்து வீடு பார்க்கப் போனோம். கீழே ஷட்டர் மூடிய ஒரு கடை. தெருவே அமைதியாக இருந்தது. "இன்னா நிம்மதியா இருக்கு பாருங்க" என்றாள் மல்லிகா. அன்றைக்கே சரி என்று சொல்லிவிட்டோம்.

கீழே இருந்தது மைக்செட் கடை. முகூர்த்த நாளில் அதன் ஒலிபெருக்கிப் பொட்டிகள் எல்லாம் கல்யாண மண்டபங்களுக்குப் போய்விடும். மற்ற நாளெல்லாம் கடையில்தான் இருக்கும். (நாங்களும் வீட்டில்தான் இருப்போம்.) இந்த விவரம் குடிவந்த மறுநாள் காலை ஒன்பது மணிக்கு, "அலோ... அலோ... மைக் டெஸ்டிங்" என்று எங்கள் சமையலறைத் தட்டுகள் அதிரும்படி எங்களுக்கு அறிவிக்கப்பட்டது.

கடைக்காரர் ஏழுமலை ஐம்பது வயதுக்காரர். தொழிலில் மகா யோக்கியர். எந்தப் பொட்டியும் சோதிக்காமல் விசேஷத்துக்குப் போகாது. போகும்போது ஒரு தடவை, திரும்பி வந்ததும் ஒரு தடவை முழுச் சத்தத்தில் வைத்துப் பார்த்துவிடுவார். ஒலி காற்றைவிடத் திடப்பொருளில் வேகமாகப் பாயும் என்று நான் மலையில் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது, அது எங்கள் வீட்டுத் தளத்தின் வழியாகப் பாய்ந்துகொண்டிருந்தது.

நான் பகலில் தப்பித்துவிட்டேன். மாட்டிக்கொண்டது மல்லிகா. என் முந்தைய மாற்றலுக்காகத் தன் பழைய வேலையை விட்டுவிட்டு இரண்டு வருடம் வீட்டில் சும்மா இருந்தவள் அவள். சும்மா இருப்பது அவளைத் தின்றுகொண்டிருந்தது எனக்குத் தெரியும். இங்கே வந்த பிறகு ஒரு வழியாக, வீட்டிலிருந்தே போனில் வாடிக்கையாளர்களுக்குப் பதில் சொல்லும் வேலை கிடைத்தது. மூன்று மாதம் சோதனைக் காலம். துணி துவைக்கும் இயந்திரம் ஓடவில்லை என்று கோபமாகக் கூப்பிட்ட ஒருவர், பேச்சை நிறுத்திவிட்டு, "உங்க ஊர்ல கும்பாபிஷேகமாம்மா?" என்று விசாரித்தாராம். மேற்பார்வையாளர் அவ்வளவு பக்திமான் இல்லை. இப்படியே சத்தம் கேட்டுக்கொண்டிருந்தால் வேலை நிரந்தரமாகாது என்று சொல்லிவிட்டார்.

"ஏங்க, நீங்க போயி ஒரு வார்த்த சொல்லிட்டு வாங்க" என்றாள் மல்லிகா.

படி இறங்கிக் கடைக்குப் போனேன். ஏழுமலை என்னைப் பார்த்ததும் நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

"வாங்க வாத்தியாரே! மேல நம்ம செட்டு கேக்குதா?"

கேட்ட கேள்வியே நல்ல வாய்ப்பு. தொண்டையைச் செருமிக்கொண்டு, "கேக்குதுங்க" என்றேன். அவர் முகம் மலர்ந்தது. அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு மேற்கொண்டு என்ன சொல்வது? "நல்லா தெளிவா கேக்குது" என்று முடித்துவிட்டேன்.

மறுநாளிலிருந்து சத்தம் கூடிவிட்டது. அடுத்த வாரம் மல்லிகா மறுபடி அனுப்பினாள். இந்த முறை பஸ்ஸில் வரும்போதே சொல்ல வேண்டியதை மனப்பாடம் செய்துகொண்டு போனேன். ஏழுமலை முந்திக்கொண்டு, "பேஸு எப்டி சார் கீது? தும்முனு வருதா?" என்று கேட்டார். "நெஞ்சுல வந்து நிக்குதுங்க" என்றேன். (பொய் இல்லை.) அதன் பிறகு எங்கள் வீட்டுச் சுவரில் மாட்டியிருந்த நாட்காட்டியில் தாள் தானாகக் கிழிந்து தேதி மாற ஆரம்பித்தது.

"இன்னாதான் சொன்னீங்க அவருகிட்ட?"

"கண்டிச்சுட்டேன். திமிர் பிடிச்ச ஆளு, வேணும்னே ஜாஸ்தி பண்றான்."

மல்லிகா என்னை ஒரு மாதிரி பார்த்தாள். பிறகு அழுதுவிட்டாள். சோதனைக் காலம் முடிய இன்னும் மூன்றே வாரம் இருந்தது.

அந்த வாரம் ஊரில் ஒரு மண்டபத்தில் பொதுமக்களிடம் மனு வாங்கும் முகாம் நடப்பதாகக் கேள்விப்பட்டேன். வாயால் முடியாதது கையால் முடியும். எழுத்து என்று வந்துவிட்டால் எனக்கு எங்கிருந்தோ வீரம் வந்துவிடும். 'காதைக் கிழிக்கும் அரக்கத்தனமான ஓசை', 'ஈவு இரக்கமற்ற கடைக்காரர்', 'என் மனைவியின் வேலைக்கு உலை வைக்கும் சத்தம்' என்றெல்லாம் இரண்டு பக்கத்துக்கு எழுதி, விடுப்புப் போட்டுவிட்டுக் கிளம்பினேன். அன்று காலையில் கீழே கடை பூட்டியிருந்தது. சகுனம் நன்றாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

மண்டபத்தில் நல்ல கூட்டம். வரிசையில் நின்று பாதி தூரம் நகர்ந்த பிறகுதான், "அலோ... அலோ..." என்று ஒரு குரல் கேட்டது. அந்தக் குரலை நான் தூக்கத்திலும் அடையாளம் கண்டுகொள்வேன். மேடை ஓரத்தில், ஆம்ப்ளிபயருக்குப் பக்கத்தில் ஏழுமலை நின்றுகொண்டிருந்தார். கள்ளக்குறிச்சியில் மைக் வைத்த கூட்டம் என்றால் அந்த மைக் யாருடையதாக இருக்கும் என்று யோசிக்காதவன், அந்தக் கடைக்கு மேலேயே குடியிருந்த நான் ஒருவன்தான்.

திரும்பிப் போய்விடலாம் என்று ஒரு காலை வெளியே எடுத்து வைத்தேன். அதற்குள் அவர் பார்த்துவிட்டார்.

"அட, நம்ம மாடி வூட்டு வாத்தியாரு! ஏன் சார் வரிசைல நின்னுகினு கீறீங்க?" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். "ஐயா, நம்ம சாரு. மலைல வேல பாக்குறாரு. கொஞ்சம் சீக்கிரம் பாத்து அனுப்புங்க" என்று அதிகாரியிடம் சிபாரிசு வேறு செய்தார். வரிசையில் இருந்தவர்கள் முணுமுணுத்தார்கள். நான் மனுவை முதுகுக்குப் பின்னால் மறைத்தேன். அதிகாரி கையை நீட்டியதும் கொடுக்க வேண்டியதாகிவிட்டது.

"என்ன குறை? சொல்லுங்க."

எனக்குக் குரல் வரவில்லை. "சாருக்குக் கொரலு கம்மி" என்று ஏழுமலை மேசை மேல் இருந்த மைக்கை என் பக்கம் தள்ளி, ஓடிப்போய்ச் சத்தத்தைக் கூட்டி வைத்துவிட்டு வந்தார். நான் வாயைத் திறக்காததால் அதிகாரியே மனுவைப் பிரித்து உரக்கப் படித்தார். 'அரக்கத்தனமான ஓசை' மண்டபம் முழுக்கக் கேட்டது. 'ஈவு இரக்கமற்ற கடைக்காரர்' வெளியே வேப்பமரத்தில் கட்டியிருந்த கூம்பு ஒலிபெருக்கி வழியாகப் பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் போயிருக்கும். நல்ல செட்டு, ஒரு எழுத்துக்கூடச் சிதையவில்லை.

"யார் இந்தக் கடைக்காரர்?" என்றார் அதிகாரி.

"நான்தாங்க ஐயா" என்று ஏழுமலை கையைத் தூக்கினார்.

கூட்டம் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. என்னைப் பார்த்து, "இன்னா சார், நீங்கதான ரெண்டு தபா வந்து நல்லா கேக்குதுன்னு சொன்னீங்க? வாத்தியாரு இவ்ளோ ஆசையா கேக்குறாரேன்னுதான் பெரிய பொட்டிய மாடிப்படி பக்கமா திருப்பி வச்சேன்" என்றார். மைக் அதையும் விடவில்லை. அந்த மேசைக்கு அடியில் இடம் இருந்திருந்தால் நுழைந்திருப்பேன்.

அவர் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். முகாம் முடிந்ததும், பொட்டிகளோடு என்னையும் லோடு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தார். நேராக மாடியேறி மல்லிகாவிடம் போனார்.

"ஏம்மா, உன் வேலையே போற மாரி இருந்துச்சாமே. உனக்கு சாப்பாட்டு நேரம் எத்தினி மணிக்கு?"

"ஒண்ணுலேர்ந்து ரெண்டு வரைக்கும்ணா."

"அப்பவே டெஸ்ட் பண்ணிக்கிறேன், போ."

அவ்வளவுதான். ஒரு மாதம் நான் படியேறி இறங்கிச் செய்ய முடியாத காரியம் அரை நிமிடத்தில் முடிந்துவிட்டது. மூன்று வாரம் கழித்து மல்லிகாவின் வேலையும் நிரந்தரமானது. இனிப்பு வாங்கி முதலில் அவருக்குத்தான் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

நாங்கள் இன்னும் அதே வீட்டில்தான் இருக்கிறோம். மதியம் ஒரு மணிக்கு "வக்கலாமா மல்லிகா?" என்று கீழிருந்து குரல் வரும். செட்டு எப்படி என்று என்னிடம் மட்டும் ஏழுமலை கேட்பதே இல்லை. வீட்டிலும் என் பாராட்டுக்கு இதே கதிதான். கத்தரிக்காய்க் குழம்பு பிரமாதம் என்றால், "மனு எழுதியாச்சா?" என்று மல்லிகா கரண்டியைக் கீழே வைப்பாள். போன பொங்கலன்று புதுப்புடவையில் அவள் நிஜமாகவே அழகாக இருந்தாள். மனசு கேட்காமல் சொல்லிவிட்டேன். நேராக உள்ளே போய், வேறு புடவை மாற்றிக்கொண்டு வந்துவிட்டாள்.