பெல்ட் அண்ணனும் தாய்மாமன் மடியும்

திண்டுக்கல்லில் வாடகைக் கார் ஓட்டுபவர்களிலேயே பயணிகளிடம் அதிகம் திட்டு வாங்கியவர் எங்கள் பெல்ட் அண்ணன்தான். பெற்றவர்கள் வைத்த பெயர் ஸ்டாண்டில் யாருக்கும் தெரியாது. பின் சீட்டில் இருப்பவர் உட்பட எல்லோரும் பெல்ட் மாட்டினால்தான் சாவியைத் திருப்புவார். முதுகுக்குப் பின்னால் மாட்டிவிட்டுச் சாய்ந்துகொள்ளும் நம் ஊர் வித்தை அவரிடம் பலிக்காது. ஒருமுறை சம்பந்தி வீட்டுக்குப் போன பலாப்பழத்துக்கே பெல்ட் போட்டார். பழம் பேசாமல் வந்தது. கூட வந்தவர்தான் வழியெல்லாம் முனகினார்.

என் மகளுக்குப் பழனியில் காதுகுத்து. ராகு காலம் பிறப்பதற்குள் போய்ச் சேர வேண்டும். பெல்ட் அண்ணனின் கார் வாசலிலேயே நின்றது. என் மனைவியின் அண்ணன், தொப்பம்பட்டிக்காரர், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு முன் சீட்டில் ஏறிவிட்டார்.

"பிள்ளைய பின்னாடி சைல்டு சீட்ல வைங்க அப்பு," என்றார் பெல்ட் அண்ணன்.

"ஏனுங்க, காது குத்தறதே தாய்மாமன் மடியிலதானுங்க. மடி இருக்கறப்ப சீட்டு எதுக்குங்க?"

"மடிக்குப் பெல்ட் இல்லையே. பிள்ளைகளுக்குன்னு சட்டமே இருக்கு."

"சட்டமெல்லாம் போலீஸ் பார்த்தாத்தானுங்க."

"போலீஸ் பாக்காத எடத்துலயும் பிரேக் போட வேண்டியிருக்கே," என்று சாவியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

நான் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் மனைவி இருவரிடமும் மாறி மாறிக் கெஞ்சினாள். "வேற வண்டி கூப்பிடுங்க மாப்ள," என்றார் மச்சான். முகூர்த்த நாளில் வேறு வண்டி குதிரைக் கொம்பு. கடைசியில் மச்சான், சீதனத்தைப் பறிகொடுத்தவர் முகத்தோடு பிள்ளையைக் கொடுத்துவிட்டு, காலியான மடியில் சீர்த்தட்டை வைத்துக்கொண்டார். ஒரு சண்டையில் ஜெயித்த திருப்தியில் பெல்ட் அண்ணன் தட்டைக் கண்டுகொள்ளவில்லை.

ஒட்டன்சத்திரம் சந்தை அருகே காய்கறி லாரி ஒன்று திடீரென்று குறுக்கே திரும்பியது. பெல்ட் அண்ணன் பிரேக்கை மிதித்தார். மச்சானைப் பெல்ட் பிடித்து நிறுத்தியது. தட்டை அவர் கைகளால் நிறுத்த முடியவில்லை. தட்டிலிருந்த தேங்காய் பறந்துபோய் முன்கண்ணாடியில் மோதியதில் கண்ணாடி விரிசல் விட்டது. பின் சீட்டில் என் மகள் ஒரு குலுங்கு குலுங்கி வீறிட்டு அழுதாள். அவளுக்கு ஒரு கீறல்கூட இல்லை. அந்த அழுகையைப் போல இனிமையான சத்தத்தை நான் கேட்டதே இல்லை.

மச்சான் கண்ணாடியைப் பார்த்தார். பிறகு தன் மடியைப் பார்த்தார். அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பெல்ட் அண்ணன் விரிசலை விரலால் தடவினார். "தேங்காய்க்குப் பெல்ட் போடாம விட்டுட்டேனே," என்றார். யாரும் சிரிக்கவில்லை.

பழனி போய்ச் சேரும்போது ராகு காலம் பிறந்துவிட்டது. அது கழியும்வரை காத்திருந்தோம். மச்சான் மடியில் பிள்ளையை இரண்டு கையாலும் இறுக்கிக்கொண்டார். "கைய செத்த எடுங்க, காதையே காணோம்," என்றார் ஆசாரி. திரும்பும்போது யாரும் சொல்லாமலே மச்சான் பிள்ளைக்குப் பெல்ட்டை மாட்டி, இழுத்தும் பார்த்தார்.

இப்போதெல்லாம் எங்கே கிளம்பினாலும் நாங்கள் பஞ்சாங்கத்தைப் புரட்டுவதில்லை. பெல்ட் அண்ணனுக்குப் போன் போடுகிறோம். அவர் "வாரேன்" என்று சொல்லும் நேரம்தான் எங்கள் வீட்டுக்கு நல்ல நேரம்.