றிசீற் அண்ணையும் என் கொம்பிரசரும்

ரொறன்ரோவில் வாங்கிய எதையுமே கடைக்குத் திருப்பிக் கொடுக்காமல் விட்டதில்லை என்று மார்தட்டக்கூடிய ஒரே மனிதர் எங்கள் றிசீற் அண்ணைதான். இன்றைக்கும் அவரை நினைத்தால் பல்லைக் கடிப்பேன்.

ஸ்காபரோவில் நான் வாடகைக்கிருந்த வீட்டின் பேஸ்மென்ற்றில் இருந்தார். கராஜ் இருவருக்கும் பொது. தொண்ணூறு நாளுக்குள் கடை பொருளைத் திருப்பி எடுக்கும் என்பதே அவருடைய வேதம். ஒரு பிஸ்கற் பேணி நிறையப் பற்றுச்சீட்டுகள்; றிசீற் என்ற பட்டமே அதனால் வந்தது. ஒவ்வொன்றிலும் கடைசித் திகதி சிவப்பு மையில். கோடையில் வாங்கிய மின்விசிறி குளிருக்கு முன் கடைக்குப் போய்விடும்.

சமையலறை அலுமாரிக் கதவுகளுக்கு ஸ்பிறே பெயின்ற் அடிக்கும் தொழிலைக் கராஜில் தொடங்க நினைத்து, காற்றை அழுத்தித் தரும் நல்ல கொம்பிரசர் எது என்று அவரிடம் கேட்டேன். ஏழு கொம்பிரசர் பாவித்தவர் அல்லவா?

"எல்லாம் நல்லம்தான் தம்பி, எண்பத்தொன்பது நாளுக்கு."

எரிச்சலில் நானே மூன்று வாரம் படித்தேன். எங்கள் குடும்பத்தில் முதன்முதலில் பள்ளிப்படிப்பை முடித்தவன் நான். எதையும் படித்துத்தான் வாங்குவேன். பெட்டியில் குதிரைவலுவைக் கொட்டை எழுத்தில் போட்டு ஏய்ப்பார்கள். பார்க்கவேண்டியது, நிமிடத்துக்கு எவ்வளவு காற்றை விடாமல் தரும் என்பதை. காற்றுப் போதாவிட்டால் பாதிக் கதவில் மூச்சு வாங்கி, பெயின்ற் புள்ளி புள்ளியாக விழும். அப்படித் தேடிப் பிடித்தேன்: முப்பது கலன் கொள்ளும் காற்றுத் தாங்கி, உருட்டிப்போகச் சில்லுப் பூட்டியது. அவருடைய வான் வண்டியில்தான் ஏற்றி வந்தோம்.

"றிசீற் என்னட்டை இருக்கட்டும். நீ துலைச்சுப்போடுவாய்."

பழைய பலகைகளில் அடித்துப் பழகிப் பழகி, ஒருவழியாக முதல் வேலை கிடைத்தது. ஸ்ரௌவ்வில் நகரில் அன்ரி ஒருவரின் சமையலறைக்கு இருபத்திரண்டு கதவுகள். ஞாயிறு காலை புதுவீட்டுக் குடிபூரல். வெள்ளி பின்னேரம் பெயின்ற்றைக் கலக்கிக்கொண்டு கராஜைத் திறந்தால், வாசல்வரை சில்லுத் தடம் மட்டும்.

"அண்ணை, என்ரை கொம்பிரசர் எங்கை?"

"குடுத்திட்டன்!" முகமெல்லாம் பூரிப்பு. "நாளையோடை திகதி முடியுது. நீ மறந்துபோனாய், நான் காப்பாத்திப்போட்டன்."

"ஆரைக் கேட்டுக் குடுத்தனீங்கள்? உங்களுக்கு விசரே?"

"அப்ப... நீ அதை வைச்சிருக்கப் போறியோ?" இப்படியும் ஒரு வழக்கம் உலகில் உண்டா என்பதுபோலக் கேட்டார்.

அந்த நேரம் பார்த்து அன்ரியின் போன். "தம்பி, ஞாயிறு ஐயர் வாறார். கதவில்லாத குசினியிலையோ நான் பால் காய்ச்சிறது?"

நான் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டு நாய் குரைப்பதை நிறுத்தியது. அண்ணை வானை எடுத்தார்.

ஒரு மணித்தியாலத்தில் திரும்பி வந்தார். அதே கொம்பிரசர், தாங்கியில் என் பெயின்ற் விரலடையாளம். அதே பொருளை மறுபடி வாங்கியிருந்தார். புதிய பற்றுச்சீட்டைச் சட்டைப்பையிலிருந்து எடுத்தார். சிவப்புப் பேனைக்குத் தடவிய கை பாதியில் நின்றது. கண்ணை இறுக மூடிக்கொண்டு இரண்டாகக் கிழித்தார்.

"இனி இது உன்ரை. அங்காலை போய் அடி."

ஞாயிறு காலை, கதவுகள் பொருத்திய குசினியில்தான் பால் பொங்கியது.

எனக்குக் கோபம் இன்னும் ஆறவில்லை. ஆனால் அந்த இரண்டு துண்டுகளையும் பொறுக்கி ஒட்டி வைத்திருக்கிறேன். அவருக்குத் தெரியாது.