சாரலில் மீனுக்குப் பசிக்கும் என்று நம்பியவன்

சாரல் விழ ஆரம்பித்துவிட்டால் தென்காசி வட்டாரத்தில் ஒருவருக்கும் வயிறு நிறையாது. குற்றாலத்தில் குளித்துவிட்டு வந்தவன் பரோட்டாவை எண்ணிச் சாப்பிட்டதாக வரலாறு கிடையாது. அதே பசி மீனுக்கும் இருக்கும் என்று நம்பிய ஒரே ஆள் நான்தான்.

துபாயை விட்டு வந்து, சுந்தரபாண்டியபுரம் பக்கம் குளம் வெட்டி, கட்லாவும் ரோகுவும் விட்டிருந்தேன். மீன் தேறாவிட்டால் மறுபடி துபாய்தான் என்று வீட்டில் பேச்சு. என் மனைவி மைமூனின் தம்பி ரபீக் அங்கே எனக்கு வேலையும் பார்த்து வைத்திருந்தான். (நல்ல பையன். அதுதான் எரிச்சல்.)

வெயில் நாளில் மீனின் எடைக்குத் தக்கபடி தீவனம் அளந்து போடுவேன். சாரல் தொடங்கியதும் அளவை இரண்டு மடங்காக்கினேன். குளிருமே, பாவம். புண்ணாக்கும் தவிடும் பிசைந்த உருண்டைகள் கலங்கல் தண்ணீரில் மறைந்தன. எல்லாம் தின்றுவிட்டன என்று எனக்கு ஒரே பெருமை.

லீவில் வந்த ரபீக் ஒரு காலையில் குளத்தைப் பார்க்க வந்தான். மைமூனும் கூட வந்தாள். மீன்கள் எல்லாம் மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டிருந்தன. துபாய்ப் பேச்சுக்கு இன்றோடு முடிவு என்று நினைத்தேன்.

“பாத்தியா மாப்ளே, ஆளைக் கண்டதும் சோறு கேக்குது” என்று ஒரு வாளி உருண்டையைக் கொட்டினேன். ரபீக் செல்போனில் படம் எடுத்தான். ஒரு மீனும் தின்னவில்லை. கொஞ்ச நேரத்தில் ஒரு கட்லா மல்லாந்தது. பிறகு இன்னொன்று.

“இது பசி மாதிரி தெரியலையே” என்றாள் மைமூன்.

குஞ்சு கொடுத்த பண்ணைக்காரருக்குப் போன் போட்டேன். நாம் தின்பதில் நிறைய, உடம்பைச் சூடாக வைத்துக்கொள்ளவே செலவாகிறதாம். மீனுக்கு அந்தச் செலவே இல்லை. தண்ணீர் குளிர்ந்தால் அதன் உடம்பும் குளிர்ந்து பசி அடங்கிவிடும். தின்னாத தீவனம் அடியில் கிடந்து அழுகி, தண்ணீரில் இருக்கிற காற்றைத் தீர்த்துவிடும். மூட்டம் போட்ட நாளில் அந்தக் காற்றும் குறைவு.

“சோத்த நிறுத்துங்க அண்ணாச்சி. அது மூச்சுக்குத் தவிக்குது. மோட்டாரப் போட்டுத் தண்ணிய மேல இருந்து விழ விடுங்க” என்றார்.

ரபீக் பேண்டை மடித்துக்கொண்டு குளத்தில் இறங்கிக் குழாயைப் பிடித்தான். சாயங்காலம் வரை பிடித்தான். பாதி மீன் பிழைத்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. வேலையைப் பற்றி அவன் அன்று ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

பிழைத்த மீனை வைத்துக் குளத்தைத் தேற்றிவிட்டேன். ரபீக்தான் விடுவதாக இல்லை. இன்றும் வீடியோ காலில் வந்தால் துபாய் வேலையைத்தான் ஆரம்பிப்பான். பதில் சொல்ல நான் வாயைத் திறப்பேன். அதற்குள் மைமூன் போனைத் தன் பக்கம் திருப்பிக்கொள்வாள்.

“இரு தம்பி, பசியா, மூச்சு முட்டுதான்னு கேட்டுச் சொல்லுதேன்.”