கரிசலில் ஒரு வெள்ளைத் தரை

'அவையோரே' என்று அழைத்தே பழகிய வாய் இது. இன்று உங்களைச் சாட்சியே என்று அழைக்கிறேன். பட்டிமன்றங்களில் கேடயம் பல வென்ற நான், கோவில்பட்டியில், கரிசல் மண்ணிலேயே பிறந்து வளர்ந்த மக்களைப் பால்வெள்ளையில் தரை போட ஒப்புக்கொள்ள வைத்தவன். இப்படியொரு சாதனையை எந்தப் பேச்சாளனும் செய்ததில்லை. செய்யத் துணிந்ததுமில்லை.

நாங்கள் குடியிருப்பது ஐம்பதுகளில் எழுந்த அடுக்குமாடிக் கட்டடம். கீழே எல்லா வீடுகளுக்கும் பொதுவாக ஒரு முன்கூடம். சொரசொரப்பான கல்தரை. வாசற்படியோரம், சேற்றுக்காலைத் தேய்த்துவிட்டு உள்ளே வர ஓர் இரும்புப் பட்டை. கரிசல் சேறு தண்ணீருக்கு மசியாது, காலிலிருந்து வழித்துத்தான் எடுக்க வேண்டும். கூடத்தைப் புதுப்பிப்பது பற்றிக் குடியிருப்போர் கூட்டம் போட்டார்கள். வெள்ளையடித்து விளக்கை மாற்றினால் போதும் என்பதே பலரின் எண்ணம். (எண்ணுவதற்கு நான் இடம் கொடுத்தால்தானே!) எழுந்தேன். அந்த இரும்புப் பட்டையை, "நம்மை நாமே அழுக்கர்கள் என்று அறிவிக்கும் பலகை" என்றேன். பளபளக்கும் வெள்ளை டைல்ஸை "விடியல்" என்றேன். கைதட்டல்.

தரைத்தள வீட்டு முருகேசன் அண்ணாச்சி மட்டும் மெல்லக் கேட்டார்: "தம்பி, ஐப்பசியில மழை பெஞ்சா என்ன செய்ய?"

"மழைக்கு அஞ்சியா வாழ்வது, அண்ணாச்சி?" என்றேன். அது அவர் கேள்விக்குப் பதிலே இல்லை என்பது கைதட்டலில் ஒருவருக்கும் உறைக்கவில்லை. பட்டை பெயர்க்கப்பட்டது. விடியல் பதிக்கப்பட்டது.

ஐப்பசியில் அண்ணாச்சியின் மகள் செல்வி அக்காவுக்கு நிச்சயதார்த்தம். அக்கா தானே விரும்பி, இரு வீட்டாரையும் அழுது கெஞ்சிச் சம்மதிக்க வைத்த மாப்பிள்ளை. மாப்பிள்ளையின் தாய்மாமன் மட்டும் இன்னும் முழுதாக இறங்கி வரவில்லை. வீட்டில் இடம் போதாதென்று புது முன்கூடத்தில் ஜமுக்காளம் விரித்தார்கள். வரவேற்புரை நான். (யாரும் அழைக்கவில்லை, நானே பெருந்தன்மையோடு ஏற்றுக்கொண்டேன்.)

அன்று மழை கொட்டித் தீர்த்தது. குளத்தூரிலிருந்து வந்த மாப்பிள்ளை வீட்டார், வேனைக் காலிமனையில் நிறுத்திவிட்டு நடந்து வந்தபோது, ஆளுக்கொரு வயலைக் காலில் சுமந்து வந்தார்கள். வாசலில் நின்று எதையோ தேடினார்கள். வழிக்க ஒன்றுமில்லை. உள்ளே மின்னிய தரையைப் பார்த்தார்கள். தூறலிலேயே நின்றுவிட்டார்கள்.

தாய்மாமன் குரலை உயர்த்தவில்லை. "நாங்க காட்டுல கெடக்க ஆளுக. இங்கன கால் வைக்கலாமா, கூடாதானு யாராவது சொல்லுங்க. கூடாதுன்னா இப்படியே திரும்பிப் போயிருதோம்."

செல்வி அக்காவின் முகம் என் டைல்ஸை விட வெளுத்தது.

சொல்லால் வந்த வினையைச் சொல்லாலேயே தீர்க்க மாட்டேனா? "மண்ணின் மைந்தர்களே, வருக" என்று இரு கைகளையும் விரித்தபடி முன்னேறினேன். சாரல் நனைத்த விடியல் என் காலை வாரியது. குப்புற விழுந்து, அதே வேகத்தில் சறுக்கிப் போய், தாய்மாமனின் காலடியில் நின்றேன். கிடந்தேன் என்பதே சரியான சொல்.

அவர் என்னை நிதானமாகக் குனிந்து பார்த்தார். "ஏலே, வாங்கனு சொன்னா வர மாட்டமா? அதுக்குக் கால்லயா விழணும்?"

பிறகு சிரித்தார். அவர் சிரித்ததும் மற்றவர்களுக்கும் துணிவு வந்தது. சேற்றுக் காலோடு என்னைத் தாண்டித் தாண்டி எல்லோரும் உள்ளே போனார்கள். தாம்பூலம் மாற்றுவதற்குள் தரை கரிசலாகிவிட்டது. அந்த வீட்டாருக்கு இன்றளவும் நான் 'கால்ல விழுந்த தம்பி'தான்; இயற்பெயரை ஒருவரும் கேட்டதில்லை.

எல்லோரும் சாப்பிட்டு எழுந்ததும் செல்வி அக்கா என் முன்னால் வந்து நின்றாள். "ஏலே, கல்யாணத்துக்கும் வாழ்த்துரை எழுதி வச்சிருக்கியோ?"

வைத்திருந்தேன். இருந்தும், இரு வீட்டாரும் கேட்க, வாழ்நாளில் முதன்முறையாகச் செந்தமிழ் கைவிட்ட நிலையில் உரக்கச் சொன்னேன்:

"இல்லக்கா. பந்தியில சாம்பார் வாளி தூக்குதேன். 'ஊத்தவா'ங்கிறதுக்கு மேல ஒரு வார்த்த பேச மாட்டேன்."