கருத்தப்பாண்டியின் முந்நூற்று முப்பத்தோராவது நாள்

"கரிவலம்வந்தநல்லூர் கருத்தப்பாண்டி இங்கன வாராராமே?"

வாசலில் நின்றவர் கேட்டது அவ்வளவுதான். ஆமாம் என்றாலும் வம்பு, இல்லை என்றாலும் வம்பு. ஷாஹின் பானு கையிலிருந்த போனை அப்படியே மேசையில் கவிழ்த்தாள். அதற்குள்ளிருந்து மேலநீலிதநல்லூர் நர்ஸ் 'ஹலோ, ஹலோ' என்று கத்திக்கொண்டிருந்தார்.

சங்கரன்கோவிலில் குடியை விட நினைப்பவர்களுக்காக நடக்கும் அந்த மையத்துக்கு பானுதான் ஒருங்கிணைப்பாளர். ஏதோ பெரிய பதவி என்று நினைத்துவிட வேண்டாம். டாக்டரைப் பிடிப்பது, மாத்திரை வாங்கிக் கொடுப்பது, கூட்டத்துக்கு வராதவர் வீட்டுக்குப் போன் அடிப்பது, வந்தவர்களுக்கு டீ சொல்வது, எல்லாம் அவள் தலையில்தான். அங்கே ஒரு விதி உண்டு. யார் வருகிறார், யார் வரவில்லை என்று வெளியாளிடம் மூச்சு விடக் கூடாது.

"நீங்க யாரு அண்ணாச்சி?"

"சிவகிரி. பெத்துராஜ். அவரு மகளைத்தான் எங்க பையனுக்குப் பேசியிருக்கு" என்றார் அவர், வாயிலிருந்த ஏலக்காயை மென்றபடி.

அன்று காலையில்தான் கருத்தப்பாண்டி பானுவிடம் புலம்பியிருந்தார். "மாப்பிள்ளை வீட்டுக்கு இது தெரிஞ்சா சம்பந்தம் போச்சும்மா. எம் மவ மூஞ்சில முழிக்க முடியாது. அதுக்கப்புறம் நான் எங்க போய் நிப்பேன்னு எனக்கே தெரியாது." எங்கே போய் நிற்பார் என்று பானுவுக்குத் தெரியும். பதினோரு மாதம் தொடாமல் இருந்ததெல்லாம் ஒரே மதியத்தில் பாழாய்ப் போகும்.

கல்யாணம் பேசினால் நாலு இடத்தில் விசாரிக்கத்தான் செய்வார்கள். ஆனால் விசாரிக்கிறவர்கள் எதிர்த்த டீக்கடையோடு நிறுத்திக்கொள்வார்கள். இந்த மனுஷன் நேரே உள்ளே வந்துவிட்டார்.

"அவரு... பூ கொண்டு வாராரு அண்ணாச்சி. அவரு தோட்டத்துப் பூ. படத்துக்குப் போட."

பெத்துராஜ் சுவரைப் பார்த்தார். கெட்டுப்போன ஈரலின் படம் ஒன்றுதான் அங்கே தொங்கியது.

"இதுக்கா?"

"இல்ல, அதாவது... சொற்பொழிவுக்கும் வாராரு. குடிக்காம இருக்கது எப்படின்னு பேசுவாரு. அவருக்கு அந்த வாசனையே ஆகாதுல்லா."

சொன்ன வாய் மூடவில்லை, பெத்துராஜ் செருப்பைக் கழற்றிவிட்டார். "அப்பம் நானும் இருந்து கேக்கேன்."

"உங்களுக்கு நேரமாகுமே அண்ணாச்சி?"

"ஆகட்டும். வீட்டுக்காரி கோயிலுக்குப் போயிருக்கா. அவ வார வரைக்கும் நான் இங்கனதான் இருக்கணும்."

பானு கூடத்துக்கு ஓடினாள். வட்டமாகப் போட்ட பிளாஸ்டிக் நாற்காலிகளில் கருத்தப்பாண்டியோடு சேர்த்து எட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

"அண்ணாச்சி, உங்க சம்பந்தி வந்திருக்காரு! இன்னைக்கு நீங்க பேச்சாளர். பிறந்ததுலருந்து குடிச்சதே இல்ல. என்ன?"

கருத்தப்பாண்டியின் முகத்தில் ஈயாடவில்லை. பக்கத்தில் இருந்த கடையநல்லூர் தறிக்காரர் ரிஸ்வான் அகமது அவர் முதுகில் தட்டினார். "எதுக்குப் பயப்படுதீங்க? நாங்க இருக்கோம்லா."

பானுவுக்கு அதை நினைத்துத்தான் பயமே.

பெத்துராஜ் வந்து ஓரமாக உட்கார்ந்தார். கருத்தப்பாண்டி எழுந்தார். ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் எப்படிப் பேச்சைத் தொடங்குவாரோ, பாழும் நாக்கு அப்படியே தொடங்கியது.

"வணக்கம். என் பேரு கருத்தப்பாண்டி. இன்னைக்கு முந்நூத்தி முப்பத்தோராவது நாள்."

மற்ற ஏழு பேரும் பழக்கதோஷத்தில் கைதட்டி, "நாளைக்கும் நல்லா இருப்பீரு!" என்று ஒரே குரலில் கத்தினார்கள்.

பெத்துராஜ் பானு பக்கம் திரும்பினார். "அது என்ன கணக்கு?"

"முந்நூத்தி முப்பத்தோராவது சொற்பொழிவு அண்ணாச்சி."

"தினமுமா பேசுதாரு? அப்பம் எந்நேரம் பூப் பறிக்காரு?"

இனி பொறுக்க முடியாது என்று ரிஸ்வான் அகமது எழுந்தார். "அண்ணாச்சி சுத்தமான ஆளு! நாங்க பிராந்தி குடிக்கும்போதுகூட அவரு பக்கத்துல உக்காந்து மோர்தான் குடிப்பாரு."

"எங்கன உக்காந்து?"

"பார்லதான்!"

பானு தலையில் கைவைத்துக்கொண்டாள். யா அல்லாஹ், இதற்கு முதலிலேயே வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்!

"போதும், உக்காரும் வே" என்றார் கருத்தப்பாண்டி. பெத்துராஜுக்கு நேராகத் திரும்பினார்.

"சம்பந்தி, நான் குடிகாரன். எம் மவ பத்தாம் வகுப்புப் பரீட்சைக்குக் கிளம்புன அன்னைக்கு நான் பஸ் ஸ்டாண்டுல விழுந்து கிடந்தேன். வந்த பஸ்ஸை அவ விட்டுட்டு, என்னைக் கைத்தாங்கலா வீட்டுல கொண்டு போட்டுட்டு, அப்புறம் பரீட்சைக்கு ஓடுனா. இப்பம் பதினோரு மாசமா தொடல. இந்தப் பிள்ளை பொய் சொன்னதும் எனக்காகத்தான். நீங்க வேண்டாம்னா என்னை வேண்டாம்னு சொல்லுங்க. எம் மவளைச் சொல்லிராதீங்க."

ரிஸ்வான் அகமது மூக்கை உறிஞ்சினார். பெத்துராஜ் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது. கோபத்தில் குலுங்குகிறதா, வேறு எதனாலா என்று பானுவுக்கு விளங்கவில்லை. போச்சு, ஒரு பெண்ணின் கல்யாணத்தை நானே கெடுத்துவிட்டேன் என்று அவளுக்குக் கண் கலங்கியது.

"அண்ணாச்சி, அவரு மேல தப்பு இல்ல. நான்தான்..." என்று அவள் தொடங்குவதற்குள், நெற்றி நிறையத் திருநீறும் கையில் கோயில் பிரசாதமான புற்றுமண் பொட்டலமுமாக ஒரு அம்மாள் உள்ளே வந்தார். அழுகிற கணவரைப் பார்த்தார். நடுங்கி நிற்கிற கருத்தப்பாண்டியைப் பார்த்து, "சம்பந்தி, சுகமா இருக்கீகளா?" என்று சாதாரணமாக விசாரித்தார். பிறகு பானுவிடம் திரும்பினார்.

"ஏம்மா, இவுகளைச் சேர்த்தாச்சா, இல்ல சம்பந்தியை விசாரிக்க வந்தேன்னு கதை விட்டுட்டு உக்காந்திருக்காகளா? பொண்ணோட அம்மை முத நாளே எல்லாத்தையும் சொல்லி, இந்த விலாசத்தைக் குடுத்ததே இவுகளைக் கூட்டிட்டு வரத்தானே!"