தொடரும் சாரின் ரெக்கார்டு ரூம்

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் எத்தனையோ அதிசயங்கள் உண்டு. ஆனால் சொல்ல வாயெடுத்த ஒரு விஷயத்தைக்கூட முழுதாகச் சொல்லி முடிக்காமல், ஒரு மனிதர் வேலைக்குச் சேர்ந்து, கல்யாணம் செய்து, பிள்ளைகளைக் கரையேற்றி, மாலை மரியாதையோடு ஓய்வும் பெற்ற அதிசயம் எங்கள் கம்பெனியில் மட்டும்தான் நடந்தது.

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று சம்பளப் பட்டியலில் இருந்தது. மனிதவளப் பிரிவில் உட்கார்ந்திருந்த எனக்கே அது சம்பள நாளன்றுதான் ஞாபகம் வரும். மற்ற நாளெல்லாம் அவர் தொடரும் சார். லேத் ஷெட்டில் இருப்பவர்களுக்குத் தொடரும் அண்ணாத்தே.

நான் வேலைக்குச் சேர்ந்த வாரம் என் மேஜை முன்னால் வந்து நின்றார். ஒல்லியான உடம்பு, நெஞ்சு வரைக்கும் ஏற்றிய பேன்ட், காதில் ஒரு பென்சில்.

"மேடம், ஸ்டோர்ல பாம்பு..."

"ஐயையோ, பாம்பா?"

"தொடரும்" என்றார். போய்விட்டார்.

நான் நாற்காலி மேல் ஏறினேன். பக்கத்து மேஜை அக்கவுண்டன்ட் இன்னும் உயரமாக அலமாரி மேல் ஏறினார். செக்யூரிட்டி கழி எடுத்துக்கொண்டு வந்து ஸ்டோரின் வெளியே நின்று கழியை மட்டும் உள்ளே நீட்டினார். அன்றைக்குச் சாயங்காலம் வரை ஒரு நட்டு போல்ட்டுகூட வெளியே வரவில்லை. மறுநாள் காலையில் வந்தார் மகானுபாவர். "...பாம்பு மாதிரி சுருண்டு கெடந்த ரப்பர் குழாயைக் காணோம் மேடம். புதுசு வாங்கணும்" என்றார்.

இந்த வியாதி பிறவியிலேயே உண்டாம். அவர் மனைவி சரோஜா ஒருமுறை கம்பெனி ஆயுத பூஜைக்கு வந்தபோது சொன்னார். பெண் பார்க்க வந்த இடத்தில், "எனக்கு ஒரு பழக்கம் உண்டு, முன்னாடியே சொல்லிடறேன்" என்று ஆரம்பித்தாராம். "இன்னா பழக்கம்பா?" என்று பெண்ணின் அப்பா பதறிக் கேட்க, "தொடரும்" என்று பஜ்ஜியை எடுத்துக் கடித்தாராம். பாவம் அந்த மனிதர், ஆவடியில் இருக்கிற சீட்டாட்ட இடம், ஒயின் ஷாப் எல்லாம் ஏறி இறங்கி விசாரித்திருக்கிறார். ஒன்றும் அகப்படவில்லை. "பழக்கமே அதான்னு எங்க நைனாவுக்குப் புரியறதுக்குள்ள எனக்குத் தாலி ஏறிடுச்சு மேடம்" என்றார் சரோஜா. சொல்லிவிட்டு, "இன்னிக்கு ராத்திரி ஊட்டுல இன்னா சாப்பாடுன்னு நான் சொல்ல மாட்டேனே. தொடரும்னு போட்டுடுவேன்" என்று கண்ணடித்தார். ஜாடிக்கு ஏற்ற மூடி.

ஸ்டோர் வேலையும் அவ்வப்போது பார்த்தாலும், தொடரும் சாரின் ராஜ்ஜியம் ரெக்கார்டு ரூம்தான். அங்கே இரண்டு விதமான சரக்கு. கம்பெனியை ஆரம்பித்த பெரிய முதலாளிக்கு வேலைத்திறன் ஆராய்ச்சி மேல் பைத்தியம். ஒரு போல்ட்டை முடுக்க எவ்வளவு நேரம் ஆகிறது, சுவருக்குப் பச்சை அடித்தால் கை வேகமாகுமா, டீயை முன்னால் கொடுப்பதா பின்னால் கொடுப்பதா என்று ஆள் வைத்து அளந்து, பாகம் பாகமாக அறிக்கை எழுத வைத்துச் சேர்த்திருந்தார். இன்னொரு சரக்கு, வெள்ளைக்காரர்களின் கிளப் ஒன்றை மூடியபோது அவர் மொத்தமாக ஏலத்தில் எடுத்த நூலகம். முக்கால்வாசி விக்டோரியா மகாராணி காலத்துத் தொடர்கதைகள். அந்தக் காலத்தில் மாதம் ஒரு பாகம் என்று மெல்லிய புத்தகமாக வருமாம். லண்டன் ஜனம் அடுத்த மாதம் வரை நகத்தைக் கடித்துக்கொண்டு காத்திருக்குமாம்.

இரண்டையும் அடுக்கி வைக்கும் பொறுப்பு தொடரும் சாரிடம் வந்தது. உலகத்தில் வேறு எவனுக்கும் தோன்றாத ஒரு முறையில் அடுக்கினார். முதல் ராக்கில் எல்லாவற்றுக்கும் முதல் பாகம். கதையோ அறிக்கையோ, பாகம் ஒன்று என்று போட்டிருந்தால் அங்கே. இரண்டாவது ராக்கில் எல்லா இரண்டாம் பாகங்களும். இப்படியே கடைசி ராக் வரை. காதலி மயங்கி விழுகிற இடத்துக்குப் பக்கத்திலேயே டீ ஆராய்ச்சி நிற்கும்.

"சார், இது தப்பில்லையா? ஒரு கதையோட எல்லா பாகமும் ஒரே இடத்துல இருந்தாத்தானே படிக்க முடியும்?" என்று கேட்டேன்.

"உக்காந்த எடத்துலயே அடுத்த பாகம் கெடைச்சா அதுக்கு இன்னா மேடம் மரியாதை? எந்திரிச்சு நடக்கணும். நடக்கறப்போ 'அப்பால இன்னா ஆச்சோ, இன்னா ஆச்சோ'ன்னு மனசு அடிச்சுக்கினு கீதே, கதையே அதுதான்."

அந்தக் கதைகளை அவர் தனியாகப் படிக்கவும் இல்லை. தினம் மத்தியானம் கேன்டீனில், சாப்பாட்டுத் தட்டுகளுக்கு நடுவில், தமிழில் எடுத்துவிடுவார். நான் சேர்ந்தபோது ஓடிக்கொண்டிருந்தது கிளாரி என்ற அநாதைப் பெண்ணின் கதை. அவள் சொத்தைச் சர் மாட்டிங்லி என்கிற சீமான் அமுக்கிக்கொண்டான். "லண்டன்னா இன்னான்னு நெனைச்சீங்க? நம்ம குமணன்சாவடி ஜங்ஷன் மாதிரிதான். பஸ்ஸுக்குப் பதில் குதிரை வண்டி. தூசிக்குப் பதில் பனி. ஒருத்தன் மூஞ்சி ஒருத்தனுக்குத் தெரியாது. அதுல நம்ம கிளாரி பொண்ணு சொம்மா தனியா நடந்து வந்துகினு கீது..."

லேத் தணிகாசலம், ஆறடி ஆள், சாம்பார் சாதத்தைக் கையில் பிடித்தபடி வாயைப் பிளந்து கேட்பார். "அண்ணாத்தே, அந்த மாட்டிங்லி மாட்டிக்கினானா இல்லியா? அத்த மட்டும் சொல்லு."

"வண்டிக் கதவு தொறக்குது. உள்ளேர்ந்து ஒரு கை. அந்தக் கையில..."

சைரன் அடிக்கும். சாப்பாட்டு நேரம் முடிந்தது என்று தொடரும் சார் எழுந்து கை கழுவப் போய்விடுவார். என்ன கணக்கோ தெரியாது, அவர் கதை உச்சத்துக்குப் போவதும் சைரன் அடிப்பதும் ஒன்றாகத்தான் நடக்கும். சைரனுக்குப் பிறகு ஒரு வார்த்தை பேச மாட்டார். சைரன் அடித்தும் மிஷினுக்குப் போகாமல் கெஞ்சிக்கொண்டு நிற்பவனுக்கு மறுநாள் கதை கிடையாது. ஆகவே ஷெட்டே ஓட்டமாக ஓடும். ஜுரத்தோடு வேலைக்கு வந்தவர்களை நானே வீட்டுக்கு விரட்டியிருக்கிறேன். "கிளாரி இன்னிக்கு கோர்ட்டுக்குப் போவுது மேடம், லீவு வோணாம்" என்பார்கள்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது பெரிய முதலாளியின் பேத்தி எம்.டி.யாக வந்தார். கூடவே ஒரு செயல்திறன் ஆலோசகரும் வந்தார். சின்ன வயசு, கையில் டேப்லெட், வாயில் எப்போதும் 'ஆப்டிமைஸ்'. ஒரு வாரம் சுற்றிப் பார்த்துவிட்டு அவர் கண்டுபிடித்த உண்மை: கம்பெனியிலேயே துளியும் பிரயோஜனம் இல்லாத இடம் ரெக்கார்டு ரூம், துளியும் பிரயோஜனம் இல்லாத ஆள் அதற்குள் இருப்பவர். காகிதத்தையெல்லாம் பழைய பேப்பருக்குப் போட்டுவிட்டு மீட்டிங் ஹால் கட்டலாம். கரையான்சாவடியிலிருந்து லாரிக்கும் சொல்லியாயிற்று. தொடரும் சாருக்கு ஓய்வு பெறக் கொஞ்ச காலம்தான் பாக்கி. அதற்கு முன்பே கணக்கை முடித்து அனுப்பும் கடிதத்தை நான்தான் தயார் செய்ய வேண்டும் என்று உத்தரவு. எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த டேப்லெட்டை லேத்தில் கொடுத்துக் கடையலாமா என்றிருந்தது.

கேன்டீனில் இடி விழுந்த மாதிரி ஆகிவிட்டது. தணிகாசலம் தட்டைத் தள்ளினார். "அப்போ கிளாரி கதை இன்னா ஆவறது? கோர்ட்டு வாசல்ல அந்தப் பொண்ணை அம்போன்னு வுட்டுட்டுப் பூடறதா? ஸ்ட்ரைக் பண்ணுவோம் மாமே!"

தொடரும் சார் மட்டும் மோர் குடித்துக்கொண்டிருந்தார். "யாரும் பேஜார் பண்ணாதீங்கோ. எம்.டி. அம்மாவை ஒரே ஒருவாட்டி ரூமுக்கு இட்டுக்கினு வாங்க மேடம்" என்றார் என்னிடம்.

நான் போய்க் கெஞ்சினேன். போனால் போகிறது என்று எம்.டி. மத்தியானத்தில் வந்தார். ஆலோசகரும் வந்தார். நானும் போனேன். வாசலில் தணிகாசலம் தலைமையில் பாதி ஷெட் நின்றது. தொடரும் சார் கும்பிட்டு மன்றாடுவார் என்று எதிர்பார்த்தேன். அவரோ சிம்மாசனத்தில் ஏறப் போகிறவர் மாதிரி நெஞ்சை நிமிர்த்தி முதல் ராக்குக்குப் போய் ஒரு அறிக்கைப் புத்தகத்தை உருவினார்.

"இப்படி ஒரு ஆலோசகர் முன்னயும் வந்துகீறார்மா. உங்க தாத்தா காலத்துல. கையில ஸ்டாப்வாட்ச். லேத் ஷெட்டு ஆளுங்க எல்லாம் சோம்பேறிங்க, பாதிப் பேரை ஊட்டுக்கு அனுப்புன்னாரு. பாகம் ஒண்ணு." புத்தகத்தை அதன் இடத்தில் வைத்துவிட்டு அடுத்த ராக்குக்கு நடந்தார். எம்.டி. பின்னால் நடந்தார். "ஆளுங்க கொதிச்சுப் பூட்டாங்க. மிஷின் எல்லாம் நின்னுச்சு. உங்க தாத்தா ஷெட்டுக்குள்ள வந்தாரு. கோட்டைக் கழட்டினாரு. பாகம் ரெண்டு."

மூன்றாவது ராக். "சட்டைக் கையை மடிச்சாரு. நேரா லேத்துக்கிட்ட போனாரு. 'மொதல்ல என்னை அள'ன்னாரு."

"தாத்தா லேத் ஓட்டினாரா?" எம்.டி.யின் குரல் மாறிவிட்டது. "நான் அவரை நாற்காலியிலதான் பார்த்திருக்கேன்."

"மிஷின் சுத்துது. பக்கத்து மிஷின்ல இந்தத் தணிகாசலத்தோட நைனா. ரெண்டு பேருக்கும் ஒரே வேலை. ஆலோசகர் ஸ்டாப்வாட்ச்சை அமுக்கினாரு. உங்க தாத்தா கைய வெச்சாரு. அப்போ பாத்து..."

சைரன்.

"தொடரும்" என்றார்.

"சார், என்ன ஆச்சுன்னு சொல்லிட்டுப் போங்க!"

"கம்பெனி நேரத்துல கதை பேசக் கூடாதும்மா. இதுவும் உங்க தாத்தா போட்ட ரூல்தான். நாலாவது ராக்குல கீது."

வாசலில் யாரோ விசிலடித்தார்கள். எம்.டி. ஆலோசகரைப் பார்த்தார். ஆலோசகர் நான்காவது ராக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். "லாரி நாளைக்கு வரட்டும்" என்றார் எம்.டி.

மறுநாள் மத்தியானம் எம்.டி. கேன்டீனில் தட்டோடு வரிசையில் நின்றார். கம்பெனி சரித்திரத்தில் அப்படி ஒரு காட்சியை யாரும் பார்த்ததில்லை. தொடரும் சார் அன்றைக்குத் தாத்தாவின் கையில் இருந்த இரும்புத் துண்டைப் பற்றி மட்டும் பேசிவிட்டுச் சைரனில் நிறுத்தினார். லாரி மறுபடியும் நாளைக்கு. அதற்கு மறுநாள் லாரி டிரைவர், "சொம்மா நாளைக்கு நாளைக்குன்னு இஸ்துகினே கீறீங்களே, இன்னா சார் நடக்குது இங்க?" என்று சண்டைக்கு வந்து, பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்து, சாப்பாடும் வாங்கிக்கொண்டு, கடைசியில் "தாத்தா ஜெயிப்பாரா மாட்டாரா?" என்று தணிகாசலத்திடம் பந்தயம் கட்டினார்.

அந்த வாரக் கடைசியில் முடிவு வந்தது. தணிகாசலத்தின் அப்பா கூடை நிறைய உருப்படி கடைந்து முடித்தபோது, முதலாளி முதல் உருப்படியிலேயே கையைக் கிழித்துக்கொண்டு நின்றாராம். கட்டுப் போட்ட கையோடு ஆலோசகரிடம் திரும்பி, "எழுதிக்கய்யா. இந்தக் கம்பெனியிலேயே ரொம்பச் சோம்பேறி முதலாளிதான். யாரை வீட்டுக்கு அனுப்பலாம், சொல்லு" என்றாராம்.

கேன்டீன் கூரை பிய்த்துக்கொண்டு போகிற மாதிரி கைதட்டல். தணிகாசலம் தன் அப்பா பெயரைச் சொல்லிச் சொல்லி அழுதார். எம்.டி. சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அப்புறம் லாரி டிரைவரைப் பார்த்து, "நீங்க கிளம்பலாம், இங்கே பழைய பேப்பர் எதுவும் இல்லை" என்றார். லாரி காலியாக, தொழிற்பேட்டை முழுக்க ஹாரன் அடித்தபடி ஊர்வலம் போனது. தொடரும் சாரைத் தணிகாசலம் தோளில் தூக்கிக்கொண்டு ஷெட்டைச் சுற்றி வந்தார். மேலே உட்கார்ந்தவர் சைரன் அடித்ததும், "எறக்குடா, வேலை நேரம்!" என்று அவர் தலையில் குட்டினார். நான் தயார் செய்த கடிதத்தைக் கிழித்த சத்தம் மாதிரி இனிமையான சங்கீதத்தை நான் கேட்டதில்லை.

ஆலோசகர் கிளம்பும்போது என்னிடம் ரகசியமாகக் கேட்டார்: "மேடம், அந்த மாட்டிங்லி மாட்டினானா?"

அதற்கு எனக்கே இன்னும் பதில் தெரியாது. தொடரும் சார் ஓய்வு பெற்ற நாளில் மைக்கைக் கொடுத்து, கிளாரி கதையை முடித்துவிட்டுத்தான் போக வேண்டும் என்று மொத்தக் கம்பெனியும் கத்தியது. அவர் மாலையைச் சரிசெய்துகொண்டார். "கடைசி பாகம் கடைசி ராக்குல கீது. ரூமை யாரும் தொட முடியாது. வோணும்ன்றவங்க நடந்து போய்ப் படிச்சுக்குங்கோ" என்று சாவியை என் கையில் கொடுத்துவிட்டு இறங்கிவிட்டார்.

இப்போது கள்ளிக்குப்பத்தில் இருக்கிறார். வாரம் ஒருமுறை, சரியாகச் சாப்பாட்டு வேளையில், போன் செய்கிறார்.

"இன்னா மேடம், கடைசி பாகம் படிச்சாச்சா?"

"இல்ல சார்."

"சபாஷ். அப்புறம் மேடம், நேத்து ஊட்டுல ஒரு விசேஷம், நம்ம சரோஜா..." என்று ஆரம்பிப்பார். இங்கே சைரன் அடிக்கும். அந்தப் பக்கம் போனை வைத்துவிடுவார்.

வெள்ளிக்கிழமைதோறும் அந்தக் கடைசி ராக்கை நானே தூசி தட்டுகிறேன். கிளாரியின் புத்தகம் கைக்கு எட்டுகிற உயரத்தில்தான் இருக்கிறது. ஆனால் அடுத்த வாரம் போன் வரும்போது "இல்ல சார்" என்று சொல்ல வேண்டுமே.