பெனீத்தோ செத்துப்போன சனிக்கிழமை

அன்புள்ள ரூஃபீனா அக்காவுக்கு,

தம்பி எலியாஸ் வணக்கத்துடன் எழுதுவது. உன் முழங்கால் வலியை விசாரிக்க வேண்டியது முறை. விசாரித்துவிட்டேன், பதில் எழுத வேண்டாம். இங்கே என் பயல் பெனீத்தோவைத் தவிர யாவரும் நலம். அவன் தான் செத்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருக்கிறான்.

மிஷன் கோயிலைப் புதுப்பிக்கக் குழி தோண்டியபோது வெளியே வந்த நம் முன்னோர் எலும்புகளை ஞாயிற்றுக்கிழமை திரும்பப் புதைக்கிறோம், பெட்டி தூக்க நம் குடும்பத்தில் நீ ஒருத்தன்தான் ஆம்பிளை, பிள்ளைகளோடு வா என்று எழுதியிருந்தாய். மாட்டேன் அக்கா. வையாமல் காரணத்தைக் கேள்.

பெரியவள் டெல்ஃபினா நாலாம் வகுப்புக்கு வந்துவிட்டாள். கலிபோர்னியாவில் நாலாம் வகுப்பு என்றால் சர்க்கரைக் கட்டிகளை அடுக்கி, ஸ்பானியப் பாதிரிமார் காலத்து மிஷன் கோயில் ஒன்றின் மாதிரியைச் செய்துகொண்டு போக வேண்டுமே, தலையெழுத்து! என் மணிக்கூண்டை அந்தக் காலத்தில் எறும்பு தின்றது. இவளாவது நேரில் பார்த்துச் செய்யட்டும் என்று போன சனிக்கிழமை இரண்டு பேரையும் அந்த மிஷனுக்கே கூட்டிப்போனேன். வாசலிலேயே சுற்றிக்காட்டும் அம்மாள் ஒருத்தி, போட்டோவுக்காகப் பெனீத்தோவுக்குப் பாதிரியார் அங்கியை மாட்டிவிட்டாள். பயல் கழற்ற மாட்டேன் என்று ஒரே அடம். நம் ஆட்களைச் சாட்டையால் அடித்த பாதிரிமாரின் படங்களுக்குக் கீழே நின்று வருகிறவர் போகிறவரையெல்லாம் ஆசீர்வதிக்கிறான்! அந்த அம்மாளோ, "இதைக் கட்டின செவ்விந்தியர்கள் ரொம்ப சாதுவான ஜனங்க. பாவம், ஒருத்தர்கூட மிஞ்சலை, எல்லாரும் செத்துப்போயிட்டாங்க" என்றாள். பெனீத்தோ என் சட்டையைப் பிடித்து இழுத்தான்.

"அப்பா, நாம எப்போ செத்தோம்?"

"சும்மா இருடா."

"அம்மாவுக்குத் தெரியுமா?"

வயிறு நிறைந்தால் பயம் போகும் என்று தோட்டத்துப் புல்லில் போர்வையை விரித்து, பீன்ஸும் சோள ரொட்டியும் பிரித்தேன். பாதி சாப்பிட்டிருப்போம், அந்த அம்மாள் ஓடி வந்தாள். "இங்க உக்காரக் கூடாது சார், இது செவ்விந்தியர்களோட கல்லறை." கல் ஒன்றையும் காணோமே என்றேன். "அவங்களுக்குக் கல் வைக்கிற வழக்கம் இல்லை சார்." அக்கா, பாட்டன் பூட்டன் நெஞ்சின் மேல் உட்கார்ந்து தின்றிருக்கிறேன்! டெல்ஃபினா மட்டும், செத்தவர்களுக்கு நம் வீட்டில் வைக்கிற மாதிரி, தன் ரொட்டியைப் புல்லில் வைத்தாள். "குப்பை போடாதே பாப்பா" என்று அந்த அம்மாள் அதை எடுத்துக் கூடையில் எறிந்தாள். நான் என்ன கிழிச்சேன்னு கேளு. "மன்னிச்சிக்கங்கம்மா"ன்னேன். போர்வையை மடிச்சேன். வெட்கக்கேடு அக்கா, கார்ல உக்காந்து அழுதேன்.

இப்போ சாப்பிடக் கூப்பிட்டா, "செத்தவங்க சாப்பிடலாமா?"ன்னு பய கேக்கிறான். கேட்டுட்டு ரெண்டு தட்டு சாப்பிடுறான், அது வேற விஷயம். இவனுக்கு எலும்பை வேற காட்டணுமா? எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு நான் அவங்களைத் தூக்குவேன்? வேற ஆளைப் பாரு. இதுதான் முடிவு, மாற மாட்டேன்.

அத்தானுக்கு என் அன்பு. ஆண்டவரும், அவருக்கு முன்னாலேயே இங்கே குடியிருந்தவர்களும் உன்னைக் காப்பாற்றட்டும்.

இப்படிக்கு,
உன் தம்பி எலியாஸ்

பி.கு.: உறையை ஒட்டும்போது பெனீத்தோ வந்து, "அத்தை என்ன கேட்டாங்க?" என்றான். சொன்னேன். "அப்போ அவங்கதான் செத்தவங்க. நாம தூக்குறவங்க" என்றான். "அதுல சின்னப் பிள்ளைங்க இருக்காங்களா?" என்றும் கேட்டான். இருக்கிறார்கள் என்றேன். அப்போதிலிருந்து செருப்புப் பெட்டியை ரெண்டு கையால் ஏந்தி, ஆடாமல் அசையாமல் வீட்டைச் சுற்றி நடந்து பழகுகிறான். சின்னப் பெட்டி ஒண்ணை அவனுக்குன்னு எடுத்து வை அக்கா. பெரிசை நான் தூக்குறேன்.